எட்டரை மணி மழைக்கணக்கு

வால்பாறையில் ஆனி பிறந்தால் துணி காய்வது நின்றுபோகும். அடுப்புக்கு மேலே குறுக்காகக் கட்டிய கம்பியில் பள்ளிச் சீருடைகள் தொங்கும். பிள்ளைகள் புகை வாசனையோடுதான் வகுப்பில் வந்து உட்காருவார்கள். தீப்பெட்டியை அரிசிப் பாத்திரத்துக்குள் வைப்போம். பெல்ட்டிலும் செருப்பிலும் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். இதெல்லாம் எனக்குப் பழக்கம். பிறந்தது ஒரு தேயிலை எஸ்டேட்டின் பாடியில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். வேலை பார்ப்பது இன்னோர் எஸ்டேட்டின் தொடக்கப் பள்ளியில். ஐம்பத்திரண்டு மழைக்காலம் பார்த்தாயிற்று.

பொள்ளாச்சியில் இருக்கும் அத்தை ஜூலை மாதம் போன் செய்தால் முதல் கேள்வி, "கண்ணு, அங்க மழையா?" இரண்டாவது, "சோலையாறு ரொம்பிருச்சா?" அவருடைய தென்னைக்குப் பாய்வது எங்கள் மலையின் தண்ணீர், அதனால் கேட்கிறார். இரண்டாவது கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். அணையின் முழு உயரம் 160 அடி, இன்றைக்கு இத்தனை அடி என்று பேப்பரிலேயே வரும். முதல் கேள்விக்குத்தான் "எந்த இடத்துல அத்தை?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆழியாறிலிருந்து பஸ் ஏறிப் பாருங்கள். அணைக்கட்டுப் பக்கம் வெறும் காற்று, வானம் மட்டும் கறுத்திருக்கும். 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டும்போது தூறல். கவர்க்கல் வந்தால் மூடுபனி. டிரைவர் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தபடியே உருட்டுவார். வால்பாறை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நல்ல மழை. அங்கிருந்து சின்னக்கல்லாறு போனால் குடையை விரிப்பதே வீண். கடல் காற்று கேரளா பக்கமிருந்து மலை ஏறுகிறது, ஏற ஏறக் குளிர்ந்து மேற்கு முகத்தில் கொட்டிவிடுகிறது. பொள்ளாச்சிப் பக்கம் இறங்கும்போது அது பிழிந்த துணி. செல்போன் காட்டும் "வால்பாறை மழை" என்ற ஒற்றை எண் இதில் யாருடைய மழை?

அப்பா எஸ்டேட் ஆபீஸில் தபால் எடுத்துப்போகும் வேலை பார்த்தார். ஆபீஸ் முற்றத்து மழைமானியும் அவர் பொறுப்பு. தினமும் காலை எட்டரை மணிக்குப் புனலைத் தூக்கி, உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, கண்ணாடி அளவுகோப்பையில் ஊற்றிப் பார்ப்பார். நாடு முழுக்க மழைக்கணக்கு முடிவதும் அந்த எட்டரைக்குத்தான். நேற்று எட்டரை முதல் இன்று எட்டரை வரை விழுந்ததுதான் இன்றைய மழை. அப்பா மில்லிமீட்டர் பேசமாட்டார். இஞ்ச், சென்ட் என்பார். ஓர் இஞ்சுக்கு நூறு சென்ட். "நேத்து மூணு இஞ்ச் நாப்பது சென்ட் பாப்பா" என்றால் 86 மில்லிமீட்டர் என்று நான் மனதுக்குள் மாற்றிக்கொள்வேன். என் கணக்குப் பாடம் தொடங்கியது அங்கேதான்.

பெரிய மழை இரவுகளில் அவர் தூங்கமாட்டார். பாட்டில் நான்கு லிட்டர். புனலின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். அதாவது 200 மில்லிமீட்டர் விழுந்தால் பாட்டில் நிரம்பிவிடும், அதற்கு மேல் விழுந்தது கணக்கில் சேராமல் போகும். ஆகவே நள்ளிரவில் டார்ச்சும் தலைக்குக் கொங்காணியாக மடித்த சாக்குமாகப் போய், அளந்து, நோட்டில் எழுதி, காலி செய்துவிட்டு வருவார். காலில் நாலைந்து அட்டை ஒட்டியிருக்கும். அம்மா உப்பைத் தடவிக்கொண்டே திட்டுவார். வானிலைத்துறை 'அதி கனமழை' என்பது 204.5 மில்லிமீட்டரிலிருந்து. இப்போது யோசித்தால், அப்பாவின் பாட்டிலை நிரப்பும் மழை ஏறக்குறைய அதுதான்.

ஒரு நாள் மழையை மட்டும் பார்த்து அவர் எதையும் சொல்லமாட்டார். பத்து நாளாகச் சேர்ந்தது எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பார். காய்ந்த மண்ணில் நான்கு இஞ்ச் விழுந்தால் பயமில்லை. பத்து நாள் ஊறிய மண்ணில் அதே நான்கு இஞ்ச் ராத்திரியில் மூன்று மணி நேரத்தில் விழுந்தால் மேட்டடியில் இருக்கும் வீட்டில் படுக்காதே என்பார். அப்புறம் ஓடை. பாடிக்குப் பின்னால் ஓடிய ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்கிச் சேறாக வந்தால் கவனி. மழை கொட்டும்போதே ஓடை குறைந்தால், சத்தம் அடங்கினால், நிற்காதே, ஓடு. மேலே எங்கோ மண் சரிந்து தண்ணீரை மறித்திருக்கலாம்.

2024 ஜூலை 30 விடியலில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போன செய்தியை உலகமே பார்த்தது. அதே மழையில் எங்கள் சோலையாறு அணைப் பகுதியில் ஒரு வீட்டின்மேல் மண் சரிந்து பாட்டியும் பள்ளிக்கூடம் போகும் பேத்தியும் இறந்தார்கள். அடுத்து வகுப்புக்குப் போன அன்று நான் ஒன்றும் நடத்தவில்லை. நடத்தவும் முடியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு டப்பா கொண்டுவரச் சொன்னேன். அடியும் வாயும் ஒரே அகலமாக, நேராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். குடம்போல் வயிறு பருத்திருந்தால் கணக்கு தப்பும். நேரான டப்பா என்றால் சின்னதோ பெரிதோ, விழுந்த மழையின் ஆழம் ஒன்றுதான். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் போதும். கூரைத் தண்ணீர் விழாத, மரம் மறைக்காத இடத்தில் வைக்கச் சொன்னேன். எஸ்டேட்டின் ஐந்து பிரிவுகளிலிருந்து, நாங்கள் டிவிஷன் என்போம், பிள்ளைகள் வருகிறார்கள். கரும்பலகையின் மூலையில் தினம் ஐந்து எண்கள், மில்லிமீட்டரில். ஒரே காலையில் 38 என்று ஒருத்தி எழுதுவாள். மேற்குச் சரிவிலிருந்து வருகிற பையன், "டீச்சர், எங்க டப்பா வழிஞ்சிருச்சு" என்பான். ராத்திரி ஒருமுறை அளந்துவிட்டுக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன், அவன் அப்பா கூட வந்தால் மட்டும்.

வால்பாறை தாலுகா பள்ளிகளுக்கு விடுமுறை என்ற செய்தி சில நாள் தாமதமாக வருகிறது. அதற்குள் தூரத்து டிவிஷன் பிள்ளைகள் நனைந்துகொண்டே பாதி வழி நடந்துவிடுகிறார்கள். மேற்குச் சரிவின் எண்ணை இரவிலேயே கேட்டால் இந்தப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். இதை நான் கோபமாகவே எழுதுகிறேன்.

அவர்களுடைய அம்மாக்களுக்கு விடுமுறையும் கிடையாது. இடுப்பில் சுற்றிய படங்குத் துணி, தலையில் பிளாஸ்டிக் தாள், முதுகில் பறித்த தேயிலை. வெயில் இல்லாததால் கொழுந்து மெதுவாகத்தான் விடும், கொப்புள நோயும் வரும். ஈர இலை என்று எடையிலும் கழிப்பார்கள். மாலையில் பள்ளி வாசலில் பிள்ளையை அழைக்க வரும்போது அந்தக் கைகள் ஊறி வெளுத்திருக்கும்.

இப்போது இரவு மணி ஒன்பதரை. ஜன்னலில் எறசல் அடிக்கிறது. டப்பாவில் இதுவரை 41. எழுதிவிட்டுக் காலி செய்தேன். பத்து நாள் கூட்டலை நாளைக் காலை பிள்ளைகளோடு போட வேண்டும். பின்பக்கக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றேன். ஓடைச் சத்தம் கேட்கிறது.