கெர் ஊரில், யூதா யோசேப்பை நெருங்கிய வாரத்தில்

போலந்துக்குத் திருப்பயணம் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் கிராக்கோவில் இறை இரக்கத் திருத்தலம், செஸ்டகோவாவில் கறுப்பு மாதா என்று இரண்டையும் தரிசித்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். கூரா கல்வாரியாவுக்கு யாரும் போவதாகத் தெரியவில்லை. வார்சாவுக்குத் தென்கிழக்கே சுமார் 35 கிலோமீட்டரில், விஸ்டுலா ஆற்றங்கரையில் இருக்கும் சிற்றூர் அது. மரியன் சபையை நிறுவிய புனித ஸ்தனிஸ்லாஸ் பாப்சின்ஸ்கி 1701-இல் இறந்து அடக்கமானது அங்கேதான். 2016-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவரை வணங்கத்தான் நானும் புறப்பட்டேன். ஆனால் அதே ஊரின் யூதக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து, முதலில் அங்கே போய்விட்டுத்தான் புனிதரிடம் போக வேண்டும் என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது.

ஹசித் யூதர்கள், அதாவது 'ரெபே' எனப்படும் குருவைச் சூழ்ந்து வாழும் யூத பக்தி இயக்கத்தார், இந்த ஊரை 'கெர்' என்பார்கள். 1670-இல் போஸ்னான் ஆயர் ஒருவர் இதைப் 'புதிய எருசலேம்' என்று பெயரிட்டு, சிலுவைப்பாதைத் தலமாகக் கட்டினார். அந்தப் புதிய எருசலேமில் யூதர் குடியிருக்கக் கூடாது என்பது விதி. பிரஷ்ய ஆட்சி வந்த பிறகுதான் அவர்கள் உள்ளே வர முடிந்தது. அப்படி வந்தவர்களின் ஊரில் ரெபே யிட்ஸ்ஹாக் மெயிர் ஆல்டர் 1859-இல் குருவாக அமர்ந்தார். சில பத்தாண்டுகளில் போலந்தின் மிகப்பெரிய ஹசித் மரபாக கெர் வளர்ந்தது.

அவருக்கு 13 பிள்ளைகள். அத்தனை பேரையும் தம் வாழ்நாளிலேயே பறிகொடுத்தார். தாயும் தந்தையும் இல்லாத பேரன் ஒருவர் அவரிடம் வளர்ந்தார், பெயர் யெஹுதா ஆர்யே லெய்ப். 1847-இல் பிறந்த அந்தப் பிள்ளையைத் தாத்தாவே வளர்த்தார், தாத்தாவே கற்பித்தார். 1866-இல் தாத்தா மறைந்தபோது பேரனையே ரெபே ஆக்கச் சீடர்கள் விரும்பினார்கள். அவர் இணங்கவில்லை. வேறொரு முதியவர் சில ஆண்டுகள் வழிநடத்தி, அவரும் மறைந்த பிறகு 1870-இல்தான் பொறுப்பேற்றார். ஓய்வுநாள் பந்தியில் பேசியதை, ஓய்வுநாள் முடிந்ததும் தம் கையாலேயே எழுதிவைப்பது அவர் வழக்கம். 1905-இல் அவர் மறைந்த பின் பிள்ளைகள் அதை அச்சிட்டார்கள். 'ஸ்ஃபாஸ் எமெஸ்', அதாவது 'உண்மை பேசும் உதடு', என்ற அந்த நூலின் பெயரே இன்று அவருக்கும் பெயர்.

நான் போனது டிசம்பரில், யூதர்கள் தொழுகைக்கூடங்களில் யூதா யோசேப்பை நெருங்கிப் பேசும் பகுதியை வாசிக்கும் வாரத்தில். அந்த வாரமாகப் பார்த்துத்தான் போனேன்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். அண்ணன்மார் பொறாமைப்பட்டு யோசேப்பைத் தண்ணீர் இல்லாத கிணற்றில் தள்ளுகிறார்கள். "விற்றுவிடலாம்" என்று சொன்னவரே யூதாதான். 22 ஆண்டுகளுக்குப் பின் எகிப்தின் ஆளுநராக அமர்ந்திருக்கும் யோசேப்பின் முன், அவர் யாரென்று தெரியாமலே நிற்கிறார்கள். கடைசித் தம்பி பென்யமினை அடிமையாக வைத்துக்கொள்ளப்போகிறேன் என்கிறார் ஆளுநர். அப்போது யூதா அவரை நெருங்கி வருகிறார்.

ஸ்ஃபாஸ் எமெஸ் இந்த இடத்தில் நிற்கிறார். யாரை நெருங்கினார் யூதா? யோசேப்பை நெருங்கினார், தம்மையே நெருங்கினார், கடவுளையும் நெருங்கினார் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறார். படைக்கப்பட்ட ஒவ்வொன்றின் உள்ளேயும் கடவுள் வைத்த உயிர்ப்புள்ளி ஒன்று மறைந்திருக்கிறது என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தது. ஆகவே எதிரில் இருப்பவரை உண்மையாக நெருங்கினால் மற்ற இரண்டு நெருக்கங்களும் தனியாக நிற்காது. அடுத்து அவர் சொல்வதுதான் என்னை அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது. யூதாவிடம் புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, ஆளுநரை மடக்க வலுவான நியாயமும் இல்லை. நடந்ததை நடந்தபடி எடுத்துச் சொன்னார். உண்மை தெளியத் தெளிய மீட்பு வந்தது.

அந்தப் பேச்சை எடுத்து வாசித்துப் பாருங்கள், அப்படித்தான் இருக்கிறது. நீர் கேட்டீர், நாங்கள் சொன்னோம், அப்பா இப்படிச் சொன்னார், அவ்வளவுதான். "என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள்" என்று தகப்பன் சொன்னதையும் யூதா மறைக்காமல் சொல்கிறார். அந்த இருவர் யோசேப்பும் பென்யமினும். யூதா அந்த மனைவியின் பிள்ளை அல்ல. அன்று யோசேப்பை விற்க வைத்ததே இந்த ஓரவஞ்சனைதான். இன்று அதே சொல்லைத் தம் வாயாலேயே, துளிக் கசப்பும் இல்லாமல், அப்பாவுக்காக மன்றாடும்போது சொல்கிறார். மித்ராஷ் என்னும் பழைய யூத விளக்கத்தில் இதற்கு ஓர் உவமை உண்டு. ஆழமான கிணறு, குளிர்ந்த நல்ல தண்ணீர், ஆனால் எட்டாது. ஒருவன் வந்து கயிற்றோடு கயிறு முடிந்து இறைத்துக் குடித்தான். யூதாவும் அப்படியே சொல்லோடு சொல்லை முடிந்து யோசேப்பின் இதயத்தைத் தொட்டாராம். வறண்ட கிணற்றில் தள்ளியவர்களுக்கு இப்படியொரு கிணறு!

கல்லறைத் தோட்டத்தில் கற்கள் குறைவு. போரின்போது பிடுங்கிக்கொண்டு போனார்கள். பின்னாளில் திரும்ப வந்த சில, பனிக்கு மேல் தலை காட்டிக்கொண்டு நிற்கின்றன. சின்னக் கட்டடம் ஒன்றின் உள்ளே தாத்தாவும் பேரனும் ஒன்றாகத் துயில்கிறார்கள். மடித்த விண்ணப்பச் சீட்டுகள் குவிந்து கிடந்தன. கண்ணாடிக் குவளைகளில் மெழுகுச் சுடர்கள். அங்கே நின்றபோது, "அவருடைய உயிர் இவனுடைய உயிரோடு பிணைந்திருக்கிறது" என்று யாக்கோபையும் பென்யமினையும் பற்றி யூதா சொன்னது இந்த இருவருக்கும் பொருந்துமே என்று தோன்றி உடம்பு சிலிர்த்தது. பிள்ளைகள் எல்லோரையும் புதைத்த ஒரு கிழவரின் மடியில் வளர்ந்தவர் அந்த வசனத்தை எப்படி வாசித்திருப்பார்!

உள்ளே ஒரு பெரியவர் மகனோடு நின்றிருந்தார். கெர் வழக்கப்படி கால்சட்டையைக் கறுப்புக் காலுறைக்குள் செருகியிருந்தார். என் கையிலிருந்த விவிலியத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்ன மொழி?"

"தமிழ். யூதா பேசியதை வாசிக்கலாம் என்று வந்தேன்."

"வாசியுங்கள். சத்தமாக."

வாசித்தேன். அவர் தம் எபிரேயப் புத்தகத்தைத் திறந்து, வரியில் விரலை வைத்துக்கொண்டார். தொடக்கத்தில் 'யூதா' என்றதும் தலையசைத்தார். அதன் பிறகு நெடுநேரம் பெயரே வராது. 'சிறுவன்', 'தந்தை' என்றேதான் போகும். "நானே யோசேப்பு" என்ற இடம் வந்ததும் அவர் விரல் தாளில் இரண்டு முறை தட்டியது. நான் அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மகனிடமிருந்து ஒரு மெழுகுவர்த்தியை வாங்கி என்னிடம் நீட்டினார்.

1960 அக்டோபரில் அமெரிக்க யூதர்கள் சிலர் வத்திக்கானுக்கு வந்தபோது, திருத்தந்தை 23-ஆம் யோவான் "நானே யோசேப்பு, உங்கள் சகோதரன்" என்று சொல்லி வரவேற்றார். யோசேப்பு அவருடைய திருமுழுக்குப் பெயரிலேயே உண்டு. அந்த அன்பை நினைத்தால் இன்றும் கண் கலங்கும். ஆனால் கெர் ஊரில் நின்றபோது, கிறிஸ்தவனாகிய என் இடம் யூதாவின் இடம்தான் என்று பட்டது. விற்றவன் பக்கம் அது. 1941 பிப்ரவரியில் இந்த ஊரின் யூதர்களை நாஜிகள் வார்சா கெட்டோவுக்கு, அதாவது யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்கு, துரத்தினார்கள். கெட்டோவில் இருந்தவர்களில் பெரும்பாலோரை மறு ஆண்டு ட்ரெப்லிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். திருமுழுக்குப் பெற்ற ஐரோப்பாவில் இது நடந்தது. பல நூற்றாண்டுகளாக நம் பிரசங்க மேடைகளிலிருந்து விதைத்த வெறுப்புக்கு அதில் பங்கு உண்டு. இதற்கு மேல் சொல்ல என்னிடமும் புதிதாக ஒன்றும் இல்லை. சீட்டில் இதைத்தான் எழுதினேன், தமிழில்.

பிறகு புனித பாப்சின்ஸ்கியின் கல்லறைக்கு நடந்தேன். அந்தக் கோவிலுக்கு இராவுணவு மேலறை என்று பெயர். பாஸ்கா உணவின் பெயரைத் தாங்கிய கோவிலுக்கு ரெபேக்களின் கல்லறையிலிருந்து வந்ததில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை. அங்கேயும் அதே செபத்தைத்தான் சொன்னேன்.

போக நினைப்பவர்களுக்கு: வார்சாவிலிருந்து பேருந்து உண்டு. சனிக்கிழமை யூதரின் ஓய்வுநாள், அன்று வேண்டாம். கல்லறைத் தோட்டம் பூட்டியிருக்கலாம், முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். பூ வைக்கும் வழக்கம் இல்லை, சிறு கல் ஒன்றை வைக்கலாம். யூத நாள்காட்டியின் ஷெவாத் 5-இல் பேரனின் நினைவுநாள், ஆதார் 23-இல் தாத்தாவின் நினைவுநாள். தொடக்க நூல் 44:18 முதல் 45:15 வரை வீட்டிலேயே ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டுப் போங்கள்.