சாயாத சாய்சதுரம்

12.08.2025, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பில் இன்று சாய்சதுரம். கரும்பலகையில் ஒரு சதுரத்தை வரைந்து, "இது சாய்சதுரமா?" என்று கேட்டேன்.

"இல்லை சார்!" வகுப்பே ஒரே குரலில்.

"ஏன்?"

கடைசி பெஞ்சிலிருந்து பதில் வந்தது: "சாயவே இல்லையே சார்."

நியாயம்தானே. பெயரிலேயே சாய்வை வைத்துவிட்டு, நான்கு பக்கமும் சமமாக இருந்தால் போதும் என்றால் யார் நம்புவார்கள்? பெயர் வைத்தவர் மீது எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு. அதே சதுரத்தை ஒரு மூலையில் நிற்க வைத்து வரைந்தேன். பாதிப் பேர் "இப்போது சாய்சதுரம்" என்றார்கள்!

13.08.2025, புதன்

காலையில் சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கிப் போனேன். மூலைக்கு மூலை 10 செ.மீ. இருக்கும்படி நான்கு ஈர்க்குச்சிகளை டியூப் துண்டுகளில் செருகினால் சட்டம் தயார். எதிரெதிர் மூலைகளை இணைத்து இரண்டு ரப்பர் பேண்டுகள், அவைதான் மூலைவிட்டங்கள்.

சட்டத்தை அழுத்தினால் ஒரு ரப்பர் நீள்கிறது, மற்றது சுருங்குகிறது. நடுவில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார்கள். எவ்வளவு நசுக்கினாலும் செங்கோணம் அசையவில்லை. காரணத்தையும் அவர்களே பிடித்தார்கள்: ரப்பர்கள் பிரிக்கும் நான்கு முக்கோணங்களும் ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதிப்படி சர்வசமம், நேர்கோட்டின் மேல் அடுத்தடுத்துள்ள இரு கோணங்கள் சமமென்றால் ஒவ்வொன்றும் 90°.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், குச்சி அப்படியே இருக்கிறது. உள்ளே இருந்த இடம் எங்கே போனது?"

நான் பாடத்திட்டத்தில் எழுதி வைக்காத கேள்வி. அளந்தோம். நிமிர்ந்து நின்றபோது பரப்பு 100 ச.செ.மீ. மூலைவிட்டங்கள் 16, 12 என்று ஆகும்வரை அழுத்தினோம். பெருக்கிப் பாதியாக்கினால் 96. முழுக்க நசுக்கினால் ஒன்றுமே இல்லை. சுற்றளவு மட்டும் கடைசி வரை 40 செ.மீ.தான். மணி அடித்தும் யாரும் எழவில்லை. அடுத்த பாடவேளை ஆசிரியர் வாசலில் நின்று இருமினார்.

18.08.2025, திங்கள்

விடுமுறை முடிந்து சிறுதேர்வு. பலர் பட்டம் என்ற நாற்கரத்தையும் சாய்சதுரத்தையும் குழப்பியிருந்தார்கள். பட்டத்திலும் மூலைவிட்டங்கள் செங்குத்தாகத்தான் வெட்டும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று சமமாக வெட்ட வேண்டியதில்லை. நாளை மறுபடி ஈர்க்குச்சிதான்.

'சதுரம் வரையறு' என்ற கேள்விக்குக் கடைசி பெஞ்சுக்காரன் எழுதியது: "சாயாத சாய்சதுரம்."

சிவப்புப் பேனாவைத் தூக்கியபடி வெகுநேரம் யோசித்தேன். இரண்டு மதிப்பெண்ணும் போட்டுவிட்டேன்.