மலை உச்சியில் ஏன் அசையாமல் நிற்கக் கூடாது?

பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படிகள். சனிக்கிழமைதோறும் நானும் அக்காவும் வெயில் வருவதற்குள் ஏறிவிடுவோம். அக்காவுக்கு 58 வயது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் என்னைவிட வேகமாக ஏறினாள். கடைசிப் படியை மிதித்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அரை நிமிடம் இருக்கும். உதடு வெளுத்து, மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை. "கண்ணு இருட்டுதுடி" என்றாள்.

பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர், "சக்கரை இறங்கியிருக்கும்மா, மிட்டாய் குடுங்க" என்று பையைத் துழாவினார். நல்ல மனசு. ஆனால் அக்காவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. தரையில் படுக்கவைத்து, அவள் கால்களைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடத்துக்குள் முகத்தில் களை திரும்பியது. திங்கட்கிழமை கிளினிக்கில் ஈசிஜி எடுத்தோம், எல்லாம் சரியாகவே இருந்தது.

நான் 22 வருடமாகத் தாதி. உச்சிக்குப் போய் அசையாமல் நிற்பவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். அதனால் அக்காவிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் அனுப்பும். மூச்சு வாங்க ஏறும்போது அது 15, 20 லிட்டர்வரை போகும். அதில் பெரும்பங்கு கால் தசைகளுக்கு. குடலுக்குப் போகும் குழாய்களை நரம்புகள் சுருக்கிவிடுகின்றன. ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு ஏறினால் வயிறு முரண்டு பிடிப்பது அதனாலும்தான். சரி, காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே திரும்ப வேண்டுமே? ஒவ்வோர் அடிக்கும் கெண்டைத் தசை இறுகி, சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அக்கா நின்றதும் அந்தப் பிழிதல் நின்றுபோனது. காலின் ரத்தக் குழாய்களோ இன்னும் விரிந்தபடியே இருந்தன. ரத்தம் காலில் தேங்கி, அழுத்தம் விழுந்து, மூளைக்குப் போதவில்லை. நம் ஊர் வெக்கையில் தோலுக்கும் நிறைய ரத்தம் போய்விடுகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேகஸ் நரம்பு. இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை போலத் துடிக்கும். அதை 70க்குப் பக்கத்தில் இழுத்துப் பிடிக்கும் மூக்கணாங்கயிறு இந்த நரம்புதான். ஏறத் தொடங்கியதும் மூளை முதலில் கயிற்றைத் தளர்த்துகிறது, அட்ரினலின் எல்லாம் அப்புறம்தான். சில நேரம் ஏறுவதற்கு முன்பே தளர்ந்துவிடும். அடிவாரத்தில் காடிக்குள் உட்கார்ந்து எண்ணியபோது எனக்கு 76. செருப்பைக் கழற்றிவிட்டுப் படிமுன் நின்றபோது 88. எழுந்து நின்றதற்குக் கொஞ்சம் கூடும். மீதி, ஏறப்போகிறோம் என்ற நினைப்புக்கு.

1921இல் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு ரசாயனத்தை விட்டுத்தான் இதயத்தை அடக்குகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது.

ஏறி முடித்ததும் கயிறு மறுபடி இறுகும். மருத்துவமனையில் டிரெட்மில் சோதனை முடிந்த முதல் நிமிடத்தில் துடிப்பு 12க்கு மேல் குறைகிறதா என்று பார்ப்பார்கள். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள் இந்தக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். நெஞ்சு வலியோடு மயக்கம் வந்தால் அது வேறு விஷயம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இப்போது அக்கா உச்சியில் நிற்பதே இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தபடி மெல்ல நடக்கிறாள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவாள். போன வாரம் உச்சியில் 144, ஒரு நிமிடம் கழித்து 116. "இருபத்தெட்டு இறங்கிடுச்சுடி!" என்று கத்தினாள். அந்த மிட்டாய்ப் பெரியவரும் அங்கே இருந்தார். விரலை எங்கே வைப்பது என்று அவருக்கும் காட்டிக்கொடுத்தாள்.