கூகுள் போட்டோஸிலிருந்து வீட்டு நாஸுக்கு: படத்தோடு தேதியும் வர வேண்டும்

கூகுள் போட்டோஸில் என் கணக்கில் இருந்த குடும்பப் படங்கள் எல்லாம் இப்போது வீட்டு நாஸிலும் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும், டிஸ்க் போட்ட சேமிப்புப் பெட்டி) இருக்கின்றன. இறக்க ஆன நேரத்தைவிட, இறக்கிய படங்களோடு எடுத்த தேதியையும் இடத்தையும் திரும்பச் சேர்க்க ஆன நேரம்தான் அதிகம். நீங்களும் இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால் அந்த வேலைக்கு நேரம் ஒதுக்கிவிட்டு ஆரம்பியுங்கள். பெட்டி வாங்கி டிஸ்க் மாட்டுவதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும்.

ஏன் இறங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூகுள் போட்டோஸ் 2015-ல் வந்தபோது படத்தைச் சற்றுச் சுருக்கி வைக்கச் சம்மதித்தால் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அது நின்றது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம், அதற்கு மேல் மாதச் சந்தா. சந்தா கட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை, இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். என் கவலை வேறு. போனில் இடம் வேண்டும் என்று 'இடத்தைக் காலியாக்கு' பட்டனை அழுத்தி அழுத்தி, போனில் இருந்த பிரதி எல்லாம் போய்விட்டது. மிச்சம் இருந்தது க்ளவுடில் உள்ள ஒரே பிரதி, ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. வீட்டில் யாராவது தெரியாமல் ஒரு படத்தை அழித்தால் அது 60 நாள் குப்பைத் தொட்டியில் கிடக்கும், அப்புறம் கிடையாது. ஒரே ஒரு பிரதி இருப்பதை பேக்கப் என்று சொல்ல முடியாது.

பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சினாலஜி டிஎஸ்224 பிளஸ், இரண்டு டிஸ்க் போடலாம். ரவுட்டரோடு லேன் கேபிளில் இணைத்துவிட்டால் வீட்டில் உள்ள எல்லா போனும் லேப்டாப்பும் அதைப் பார்க்கும். கூடவே வரும் 2 ஜிபி ராம் பின்னால் செய்யப்போகும் வேலைக்குப் போதாது என்று தெரிந்ததால் 6 ஜிபி ஆக்கினேன். இரண்டு 4 டிபி டிஸ்க், ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஆக, கையில் கிடைப்பது 4 டிபிதான். கணினி அதை 3.6 என்று காட்டும். அது டிஸ்க்கில் உள்ள குறை இல்லை, ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1024-ஆல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம். டிஸ்க் வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிஎம்ஆர் வகையா (தடங்களைத் தனித்தனியாக எழுதுவது), எஸ்எம்ஆர் வகையா (ஒரு தடத்தின் மேல் அடுத்தது சற்று ஏறும்படி எழுதுவது) என்று மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள். எஸ்எம்ஆர் டிஸ்க் தொடர்ந்து எழுதும்போது மந்தமாகும், ஒரு டிஸ்க் போய் புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் மறுபடி எழுதும் நேரத்தில் அது பெரிய தொல்லை. நாஸுக்கு சிஎம்ஆர்தான்.

சரி, படங்களை எப்படி வெளியே எடுப்பது? முன்பெல்லாம் ஆர்குளோன் போன்ற ஒரு மென்பொருளைக் கூகுள் கணக்கோடு இணைத்துவிட்டால் அதுவே புதிய படங்களை இழுத்துக்கொண்டிருக்கும். பழைய கட்டுரைகள் எல்லாம் இன்னும் அதைத்தான் சொல்கின்றன. 2025 மார்ச் 31-க்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. வெளி மென்பொருள் எதுவும் தான் ஏற்றிய படங்களை மட்டுமே தானாகப் பார்க்கலாம், உங்கள் முழுத் தொகுப்பையும் பார்க்க முடியாது. திறந்திருந்த காலத்திலும் அந்த வழியில் இறங்கிய படங்களில் ஜிபிஎஸ் விவரம் இருக்காது, வீடியோ சுருங்கித்தான் வரும். அதனால் இழப்பு ஒன்றும் பெரிதில்லை.

மிச்சம் இருப்பது கூகுள் டேக்அவுட், கூகுளில் உள்ள நம் தரவை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் சேவை. அங்கே போய் போட்டோஸை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்டால் ஜிப் ஃபைல்களாகக் கட்டி, தயாரானதும் மெயிலில் இணைப்பு அனுப்புவார்கள். ஒரு ஜிப் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று நாம் சொல்லலாம். 50 ஜிபி வரை உண்டு, ஆனால் நான் 10 ஜிபி வைத்தேன். பாதியில் நெட் போனால் 50 ஜிபியை முதலிலிருந்து இறக்க மனசு வராது. இணைப்பு சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும் என்பதால் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி வரும். 400 ஜிபி என்றால் தடையே இல்லாமல் ஓடினாலும் ஒன்பது மணி நேரம். இரவில் விட்டுவிடுவதுதான் வழி. எல்லா வருடத்தையும் ஒரேயடியாகக் கேட்க வேண்டும் என்றில்லை. ஒரு வருடத்தின் ஃபோல்டரை மட்டும் தேர்ந்தெடுத்தும் கேட்கலாம். முதலில் ஒரு வருடத்தை எடுத்து முழு வேலையையும் ஒத்திகை பார்த்துவிட்டு மற்றதைக் கேட்பது நிம்மதி. இன்னொன்று, பிறர் பகிர்ந்த ஆல்பங்களில் நமக்கு வேண்டிய படங்கள் இருந்தால் முதலில் அவற்றை நம் கணக்கில் சேமித்துக்கொண்டு அப்புறம் கேளுங்கள்.

ஜிப்பைப் பிரித்ததும்தான் உண்மையான வேலை தொடங்குகிறது.

ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதே பெயரில் ஒரு சிறிய ஜேசன் ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து பாருங்கள். தலைப்பு, நாம் எழுதிய குறிப்பு, எடுத்த நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, முகத்துக்குப் பெயர் கொடுத்திருந்தால் அந்தப் பெயர் என எல்லாம் அதில் இருக்கும். நேரம் என்று இரண்டு இருக்கும். ஒன்று படம் கூகுளுக்கு வந்து சேர்ந்த நேரம், மற்றது படம் எடுத்த நேரம். நமக்கு வேண்டியது இரண்டாவது. நேரடியாகப் போன் கேமராவில் எடுத்த படங்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது, தேதி படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் விவரமாக இருக்கும், கூகுள் அதைத் தொடுவதில்லை. சிக்கல் மற்ற படங்களுக்குத்தான். வாட்ஸ்அப்பில் வந்தவை, பழைய ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்தவை, கூகுள் போட்டோஸுக்குள் உட்கார்ந்து நாம் கையால் தேதி திருத்தியவை. இவற்றின் தேதி ஜேசனில் மட்டும்தான் இருக்கிறது. 'ஜேசன் எதற்கு, குப்பை' என்று அழித்துவிட்டால் அத்தையின் கல்யாணப் படம் ஸ்கேன் செய்த நாளிலோ ஜிப்பைப் பிரித்த நாளிலோ போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் முடிவு இது: தேதியும் இடமும் படத்துக்கு உள்ளேயே எழுதப்பட வேண்டும். பக்கத்தில் ஒரு ஃபைலிலோ ஏதோ ஒரு செயலியின் டேட்டாபேஸிலோ இருந்தால் போதாது. நாளை நான் எந்த மென்பொருளுக்கு மாறினாலும், என் பிள்ளைகள் எதில் திறந்து பார்த்தாலும், படம் தன் தேதியைத் தானே சொல்ல வேண்டும். இதற்கு பில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜேசனிலிருந்து நேரத்தை எடுத்து, படத்துக்குள் தேதி இல்லாத இடங்களில் மட்டும் எழுது என்று அதற்குச் சொல்லலாம். அந்த 'இல்லாத இடங்களில் மட்டும்' மிக முக்கியம். கேமரா எழுதிய தேதியின் மேல் எதையும் எழுத விடக்கூடாது. ஜிப் ஃபைல்களை அப்படியே தனியாக வைத்துவிட்டு, பிரித்த பிரதியில்தான் இந்த வேலையைச் செய்தேன்.

ஜேசனில் உள்ள நேரம் 1970 ஜனவரி 1 தொடங்கி எண்ணிய நொடிகள். அதுவும் உலகப் பொது நேரத்தில். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். நாஸில் ஓடும் பல நிரல்கள், நாம் சொல்லாவிட்டால், பொது நேரத்தையே எடுத்துக்கொள்ளும். ஒத்திகை பார்த்த வருடத்தில் இது கண்ணில் பட்டது. 2023 பொங்கல் ஜனவரி 15. அன்று விடியற்காலை ஐந்து மணிக்கு ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த பொங்கல் பானைப் படம் 14-ஆம் தேதி இரவு பதினொன்றரைக்குப் போய் நின்றது. ஃபைலின் பெயரில் 20230115 என்று இருக்கிறது, காலவரிசையில் போகிப் படங்களோடு கிடக்கிறது. நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்ட எல்லாப் படத்துக்கும் இதே கதி. நேர மண்டலத்தை ஆசியா-கொல்கத்தா என்று வைத்துவிட்டு ஓடவிட்டதும் சரியானது. வாட்ஸ்அப் படங்களின் பெயரிலேயே தேதி இருப்பதால், எழுதிய தேதியையும் பெயரில் உள்ள தேதியையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் எடுத்துவிடலாம். நல்ல சோதனை அது.

1970-க்கு முந்தைய படங்களுக்கு நொடிக்கணக்கு மைனஸில் போகும். 1965 ஜனவரி 1 என்றால் மைனஸ் 157766400. சில நிரல்கள் இதைப் பார்த்துத் திணறும் என்பதால் தாத்தா காலத்துப் படங்களைத் தனி ஃபோல்டராகப் பிரித்து, தேதியைக் கையாலேயே எழுதினேன். வருடம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1, பகல் 12 மணி என்று போட்டு, குறிப்பில் 'மாதம் தெரியாது' என்றும் சேர்த்தேன். குறைவான படங்கள்தான், நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது, படத்தின் பின்பக்கம் எழுதாத விவரம் எல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

எந்த ஜேசன் எந்தப் படத்துக்கு என்று பொருத்துவதும் எப்போதும் நேராக நடக்காது. பெயர் நீளமாக இருந்தால் ஜேசனின் பெயரைப் பாதியில் வெட்டிவிடுகிறார்கள். ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால், படத்தில் 1 என்ற எண் புள்ளிக்கு முன்னாலும் ஜேசனில் புள்ளிக்குப் பின்னாலும் வருகிறது. கூகுளில் திருத்திய படத்துக்குத் தனி ஜேசன் கிடையாது, மூலப் படத்தின் ஜேசனையே அதற்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். படம் மூன்றாவது ஜிப்பிலும் அதன் ஜேசன் நான்காவது ஜிப்பிலும் இருப்பதும் சகஜம், எனவே எல்லா ஜிப்பையும் ஒரே ஃபோல்டரில் பிரித்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். ஆல்பத்தில் உள்ள படம் வருட ஃபோல்டரிலும் ஆல்பம் ஃபோல்டரிலும் இரண்டு முறை வரும், மொத்த அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பார்ப்பதற்கு இம்மிச். திறந்த மூல மென்பொருள், 2022-ல் தொடங்கியது, நாஸில் டாக்கர் (மென்பொருளைத் தனிப் பொட்டலமாக ஓடவைக்கும் கருவி) வழியாக ஓடும். வீட்டில் உள்ளவர்களுக்குக் கூகுள் போட்டோஸ் போலவே தெரியும் என்பதுதான் எனக்கு முக்கியம், ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பார் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். படங்களை ஏற்ற இம்மிச்-கோ என்று தனிக் கருவி உண்டு. ஆல்பங்களை அதுவே மீண்டும் உருவாக்கிவிடும். ஒரே படம் இரண்டாவது முறை வந்தால் இம்மிச் உள்ளடக்கத்தை வைத்துக் கண்டுபிடித்து ஏற்க மறுத்துவிடும். முகங்களைப் பிரிக்கும் வேலை இந்தச் சிறிய பிராசசரில் மெதுவாகத்தான் ஓடுகிறது, பல இரவுகள் ஓடவிட வேண்டியிருந்தது. முடிந்த பிறகு அம்மாவின் முகத்தைத் தொட்டால் பள்ளிக்கூடக் குழுப்படத்திலிருந்து போன மாதம் எடுத்தது வரை வரிசையாக வருகிறது. படம் எதுவும் வீட்டை விட்டு வெளியே போகாமல் இது நடக்கிறது என்பதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

தமிழில் ஆல்பம் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'தீபாவளி' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறி, 21 பைட். சினாலஜியில் பகிர்வு ஃபோல்டரை என்கிரிப்ட் செய்து பூட்டி வைத்தால் ஒரு பெயர் 143 ஆங்கில எழுத்தைத் தாண்டக்கூடாது, தமிழில் அது 47 குறிக்குள் முடிந்துவிடும். 'பெரியப்பா சஷ்டியப்தபூர்த்தி, திருக்கடையூர்' என்று வைத்து அதற்கு மேல் வருடமும் சேர்த்தால் அந்த எல்லையை நெருங்கிவிடும். படங்கள் இருக்கும் ஃபோல்டரை அப்படிப் பூட்டாமல் விட்டேன்.

இரண்டு டிஸ்க்கில் ஒரே மாதிரி எழுதுவதும் பேக்கப் இல்லை. ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும், அவ்வளவுதான். தவறாக அழித்தால் இரண்டிலும் அழியும், மின்னல் அடித்தால் இரண்டும் போகும். அதனால் மூன்றாவது பிரதி ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில், அக்கா வீட்டு பீரோவில். அதிலிருந்து சில படங்களை வேறொரு லேப்டாப்பில் திறந்து, தேதியும் இடமும் படத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நாஸில் இருந்த ஜிப் ஃபைல்களை அழித்தேன். இம்மிச்சின் டேட்டாபேஸ் பிரதியும் அதே டிஸ்க்கில் போகிறது. படங்கள் மட்டும் இருந்தால் ஆல்பமும் முகங்களின் பெயரும் திரும்ப வராது.

மின்சாரத்துக்கு, யூஎஸ்பி வழியாக நாஸோடு பேசும் ஒரு சிறிய யூபிஎஸ். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்டார்கள். பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் நாஸிடம் சொல்லாது. யூபிஎஸ் சொல்லும், நாஸ் எழுதிக்கொண்டிருப்பதை முடித்துப் பத்திரமாக நின்றுவிடும்.

இப்போது என் போனில் எடுக்கும் புதிய படங்கள் வைஃபை கிடைத்ததும் இம்மிச் செயலி வழியாக நேராக நாஸுக்குப் போகின்றன, ஜேசன் சிக்கலே இல்லை. ஆண்ட்ராய்டில் அந்தச் செயலிக்குப் படத்தின் இருப்பிட அனுமதியையும் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜிபிஎஸ் இல்லாமல்தான் படம் போய்ச் சேரும். கூகுளிலிருந்து இன்னும் ஒரு படத்தையும் அழிக்கவில்லை, அழிக்கும் எண்ணமும் இல்லை.

அடுத்தது என் மனைவியின் கணக்கு. அவருடையது ஐபோன், லைவ் போட்டோ ஒவ்வொன்றும் டேக்அவுட்டில் ஒரு படம், ஒரு சிறு வீடியோ என்று இரண்டாகப் பிரிந்து வரும், ஜேசன் படத்துக்கு மட்டும். இரண்டையும் பிரியாமல் சேர்த்து ஏற்ற வேண்டும். 2024 ஃபோல்டரை மட்டும் கேட்டிருக்கிறேன், மெயில் வந்ததும் அதில் ஒத்திகை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.