செயலி எதை எண்ணுகிறது? நாள்தோறும் எழுதிப் பார்த்த அனுபவம்

நாள்தோறும் எழுத வேண்டும் என்று முடிவெடுப்பது எளிது. அந்த முடிவைக் காக்கும் பொறுப்பை ஒரு செயலியிடம் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காகவே இதைத் தொடங்கினேன். படித்த நூல்களைப் பற்றிய குறிப்புகள், சிறு கட்டுரைகள், எப்போதாவது ஒரு சிறுகதை என்று பொழுதுபோக்காக எழுதுபவன் நான். எழுத்துப் பழக்கத்துக்கான செயலிகள் பெரும்பாலும் சொற்களையோ நாட்களையோ நிமிடங்களையோ எண்ணுகின்றன. மூன்று வகையையும் மாறி மாறிக் கைக்கொண்டதில், செயலி எதை எண்ணுகிறதோ அதற்கேற்ப எழுத்தே உருமாறுகிறது என்பதைக் கண்டேன்.

முதலில் சொற்கணக்கைப் பார்த்தேன். பஸ்டர் பென்சன் உருவாக்கிய '750 வேர்ட்ஸ்' தளம் நாளொன்றுக்கு 750 சொற்களை இலக்காக வைக்கிறது. காலையில் எழுந்ததும் மூன்று பக்கம் கையால் எழுத வேண்டும் என்று எழுத்தாளர் ஜூலியா கேமரன் பரப்பிய பயிற்சியே அதற்கு அடிப்படை. 1999இல் தொடங்கி, நடத்திய அமைப்பு 2025இல் மூடப்படும்வரை நடந்த 'நானோரைமோ' நாவல் போட்டியின் 30 நாட்களில் 50,000 சொற்கள் என்ற இலக்கு இன்னும் கடுமையாக இருந்தது. அதை எட்ட நாள்தோறும் 1,667 சொற்கள் எழுத வேண்டியிருந்தது. இவை யாவும் ஆங்கிலத்தில் எழுதுவோரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை. 'வீட்டிற்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தவனைப் பார்த்தேன்' என்று தமிழில் எழுதினால் கணக்கில் சேர்பவை மூன்றே சொற்கள். அதே செய்திக்கு ஆங்கிலத்தில் குறைந்தது எட்டுச் சொற்களாவது செலவாகும். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டி வரும் மொழியில் 750 என்பது மூன்று பக்கத்தோடு நிற்காமல் அதற்கு மேலும் நீள்கிறது. அலுவலகம் முடிந்து வந்து உட்காருபவருக்கு அந்தக் கூடுதல் பக்கம் சிறிய சுமை அன்று.

இதைவிட விந்தையானது, இலக்கு நெருங்கும்போது கை செய்யும் தந்திரம். 'வந்துகொண்டிருந்தான்' என்பதை 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்தால் ஒரு சொல் மூன்றாகிவிடுகிறது. எழுத்துகளை எண்ணும் கருவிகளுக்கு மாறினாலும் சிக்கல் தீரவில்லை. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லை ஒரு கருவி ஐந்து என்று காட்டியது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் ஒருங்குறியில் (யூனிகோட்) இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் அந்த எண் கணினிக்குச் சரிதான், ஆனால் எழுதுபவருக்கு அதனால் பயனில்லை. சொற்கணக்கு வேண்டும் என்போர் முந்தைய சில கட்டுரைகளை எண்ணிப் பார்த்துத் தமக்கென ஓர் இலக்கை வகுத்துக்கொள்வது நல்லது. எனக்கு 300 சொற்கள் பொருந்தின.

அடுத்தது நாட்கணக்கு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் சிக்கிக்கொள்வது இங்கேதான். ஒரு நாளும் விடாமல் தொடர்ந்த நாட்களின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் காட்டும் செயலிகள் தொடக்கத்தில் நன்றாகவே உந்துகின்றன. 'ஹாபிடிகா' இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிடுகிறது: அன்றாடக் கடமையைத் தவறவிட்டால் நம் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகள் குறையும், குழுவாகச் சேர்ந்து ஓர் அரக்கனை எதிர்க்கும்போது ஒருவர் தவறினாலும் குழுவில் உள்ள அனைவரும் அடிபடுவார்கள். பிறர் அடிபடக் கூடாது என்பதற்காகவாவது நாம் எழுதுவோம் என்பது அதன் கணக்கு, அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் எண்ணிக்கை வளர வளர, அதைக் காப்பதே வேலையாகிவிடுகிறது. இரவு பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் 'இன்று மிகுந்த களைப்பு' என்று ஒரு வரி எழுதிக் கட்டத்தை நிரப்பியபின் வரும் நிம்மதிக்கும் எழுத்துக்கும் தொடர்பில்லை. காய்ச்சலிலோ பயணத்திலோ ஒரு நாள் விட்டுப்போய் எண்ணிக்கை சுழியத்துக்கு இறங்கினால், அடுத்த நாளும் எழுதத் தோன்றுவதில்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்து நடத்திய, 2010இல் இதழில் வெளியான ஆய்வை இவ்விடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. ஒரு செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை அடையச் சராசரியாக 66 நாட்கள் ஆகும் என்றும், அது ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபடும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். இடையில் ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் கண்டனர். அவர்கள் ஆராய்ந்தவை உணவு, குடிநீர், உடற்பயிற்சி போன்ற எளிய செயல்கள். எழுத்து அவற்றைவிடக் கடினமானது. அப்படியிருக்க, ஒரு நாள் தவறியதும் எல்லாவற்றையும் அழித்துக் காட்டும் எண்ணிக்கையை நம்பி ஏன் எழுத வேண்டும்?

இந்தக் கேள்வியோடு தேடியபோது கிடைத்ததுதான் ஆண்ட்ராய்டில் இலவசமாகவும் திறமூலமாகவும் கிடைக்கும் 'லூப் ஹேபிட் டிராக்கர்'. அதுவும் தொடர்ச்சியைக் காட்டுகிறது, ஆனால் அதன் முதன்மை அளவு பழக்கத்தின் வலிமை என்னும் விழுக்காடு. நாள்தோறும் செய்தால் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டையும் இரண்டு மாதத்தில் 96ஐயும் எட்டும். ஒரு நாள் தவறினால் சிறிது இறங்குமே தவிர அழிந்துபோகாது. வாரத்துக்கு ஐந்து நாள் என்றும் இலக்கு வைக்கலாம். கணக்குத் தொடங்கவோ இணையத்தில் சேரவோ தேவையில்லை. பதிவுகள் அனைத்தும் கைபேசியிலேயே இருக்கும்.

அதோடு 25 நிமிடக் கடிகாரம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். இது 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ வகுத்த பொமோடோரோ முறை. நேரத்தை மட்டும் எண்ணத் தொடங்கியதும், ஒரே பத்தியை மூன்று முறை அடித்துத் திருத்திய மாலையும் நல்ல மாலையாகக் கணக்கில் வந்தது. சொற்கணக்கில் அது தோல்வியாகவே பதிவாகியிருக்கும். திருத்துவதையும் எழுத்தாக மதிக்கும் அளவு இது ஒன்றே என்பது என் எண்ணம்.

தட்டச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறையை விட்டுத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறியதும் அதே 25 நிமிடத்தில் கிடைக்கும் பக்கம் நீண்டது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்த அந்தப் பலகையில் 'க்க', 'ங்க' போன்ற இணைகளுக்குப் புள்ளி தானாகவே விழுவதால் விசையடிப்பு குறைகிறது. கைபேசியில் குரல்வழித் தட்டச்சையும் முயன்றேன். வேகம் மிகுதிதான், ஆனால் வாய் பேச்சுத் தமிழுக்குத் தாவிவிடுவதால் பின்னர் எழுத்துத் தமிழுக்குத் திருத்தவே பாதி நேரம் போகிறது.

இப்போதைய ஏற்பாடு இது: வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு 25 நிமிடம், இரவு ஒன்பது மணிக்கு ஒரே ஒரு நினைவூட்டல். லூப் காட்டும் வரைகோடு ஏறி இறங்கினாலும் முழுதாகச் சரியவில்லை. கோப்புறையில் முடிந்த கட்டுரைகள் சேர்ந்து வருகின்றன. சிறுகதைதான் இன்னும் வசப்படவில்லை, அதற்கு 25 நிமிடம் போதாதோ என்ற ஐயம் இருக்கிறது. அடுத்த மாதம் இலக்கை மூன்று நாளாகக் குறைத்து, ஒவ்வொரு அமர்வையும் 50 நிமிடமாக்கிப் பார்க்கப் போகிறேன்.