ஆசிரியர் கணிப்பும் மாணவர் எதிர்காலமும்
பிரிட்டனில் மாணவர்கள் ஏ-லெவல் எனப்படும் பள்ளி இறுதித் தேர்வை எழுதுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, ஆசிரியர்கள் கணித்துத் தரும் தரநிலைகளை வைத்துத்தான் பல்கலைக்கழகங்கள் அவர்களுக்கு இடம் தர முன்வருகின்றன. ஆய்வாளர் கில் வைனஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறந்த மூன்று பாடங்களுக்கான கணிப்பு அப்படியே பலித்தது 16 விழுக்காட்டினருக்கு மட்டுமே. 75 விழுக்காட்டினருக்கு, அவர்கள் உண்மையில் பெற்றதைவிடக் கூடுதலாகவே கணிக்கப்பட்டிருந்தது. மாணவரின் வாய்ப்பு நழுவிவிடக் கூடாதே என்ற ஆசிரியரின் பரிவும் இதற்குக் காரணமாக இருக்கலாம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், மிக நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு, அவர்களுக்கு இணையான வசதியுள்ள மாணவர்களைவிடக் குறைத்துக் கணிக்கும் போக்கையும் அதே ஆய்வு காட்டியதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது; ஏனெனில், அப்படிக் குறைத்து மதிப்பிடப்பட்டவர்கள் தம் தகுதிக்கும் கீழான இடங்களுக்கே விண்ணப்பிக்க நேர்கிறது. தேர்வு முடிவுகள் வந்தபின் விண்ணப்பிக்கும் முறைக்கு அங்கே மாறுவதே நியாயம் என்று உறுதியாக நினைக்கிறேன்.