முத்திரை கிடைத்தால் யாரை வெளியே நிறுத்துவது?

சில வருடம் முன்புவரை, கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் பிஸிஸிஸ்ட்டுகள், அதாவது மருத்துவ இயற்பியலாளர்கள், இரண்டு பேர் எங்கே சந்தித்தாலும், பேச்சு புது மெஷினில் தொடங்கி, சம்பளத்தைச் சுற்றிவிட்டு, கடைசியில் நம்மை அரசாங்கம் எப்போது ஒரு தனித் தொழிலாக முறைப்படி அங்கீகரிக்கும், நம் சங்கத்துக்கு எப்போது அதிகாரம் கொடுக்கும் என்பதில் வந்து நிற்கும். பதவி உயர்வு இல்லையா, மருத்துவமனைக் கூட்டத்தில் நாற்காலி இல்லையா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு முத்திரைதான் மருந்து என்று நம்பியவர்கள் எங்களில் நிறைய. நானும் ரொம்ப காலம் அப்படி நினைத்தவன்தான். இப்போது கொஞ்சம் வேறு மாதிரி தோன்றுகிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்ன என்பது வெளியே பலருக்குத் தெரியாது. கட்டிக்கு எவ்வளவு கதிர்வீச்சு, எத்தனை தவணை என்பதை டாக்டர் முடிவு செய்கிறார். அதை எந்தக் கோணத்திலிருந்து எப்படிக் கொடுத்தால் பக்கத்தில் இருக்கும் தண்டுவடமும் நுரையீரலும் தப்பிக்கும் என்று கணக்குப் போடுவதும், மெஷின் அந்தக் கணக்கின்படி நடக்கிறதா என்று அளந்து பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே லீனாக் என்ற சிகிச்சை மெஷினின் அவுட்புட்டை, அதாவது அது வெளியிடும் கதிர் அளவைச் சரிபார்த்தாக வேண்டும், 3 விழுக்காட்டைத் தாண்டி விலகியிருந்தால் சிகிச்சையைத் தொடங்க விடக்கூடாது. நோயாளிக்கு எங்கள் முகமே தெரியாது. டாக்டரைத் தெரியும், மேசையில் படுக்க வைக்கும் டெக்னாலஜிஸ்ட்டைத் தெரியும். நான் வேலை செய்த ஒரு இடத்தில் எச்.ஆர். பட்டியலில் எங்களை ஏசி மெக்கானிக்கோடு சேர்த்து 'டெக்னிக்கல் ஸ்டாஃப்' என்று போட்டிருந்தார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2008 தொழில் வகைப்பாட்டில் மருத்துவ இயற்பியலாளர் இருப்பது 2111 என்ற எண்ணில், இயற்பியலாளர்கள், வானியலாளர்களோடு. இவர்களையும் சுகாதாரப் பணியாளர்களாகக் கருத வேண்டும் என்று ஒரு குறிப்பு உண்டுதான். ஆனால் பெட்டி நட்சத்திரம் பார்க்கிறவர்களின் பெட்டி.

சரி, இந்தியாவில் எங்களை யாருமே அங்கீகரிக்கவில்லையா என்றால், அப்படியும் இல்லை. 1983-இல் ஏற்படுத்தப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்களை நன்றாகவே அறியும். யார் இந்த வேலைக்கு வரலாம், என்ன படித்திருக்க வேண்டும், படித்தபின் 12 மாதம் எங்கே இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் விதிமுறையில் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி வாரியம் ஏற்றுக்கொண்ட கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இல்லாமல் சிகிச்சைப் பிரிவை நடத்த முடியாது, அந்த ஆர்.எஸ்.ஓ. பெரும்பாலும் எங்களில் ஒருவர்தான். ஆனால் இது மெஷினை வைத்து வந்த அங்கீகாரம். சுவரைத் தாண்டிக் கதிர் கசிகிறதா, ஊழியர் வாங்கிய கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் வருகிறதா, ஊழியர் யாருக்காவது அளவு கூடியிருக்கிறதா என்று வாரியம் கேட்கும். நோயாளியின் திட்டத்தை நான் எவ்வளவு நேர்மையாகப் போட்டேன், அவசரத்தில் எதை விட்டேன் என்று என்னைக் கேட்க, மருத்துவர்களுக்கு இருப்பதுபோல ஒரு கவுன்சில் 2021-இல் சட்டம் வரும்வரை கிடையாது. இந்த இடைவெளியைச் சங்கம் நிரப்பட்டும் என்பதுதான் எங்கள் ஆட்களின் பழைய ஆசை.

இந்திய மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கம் 1976-இல் தொடங்கியது. மாநாடு நடத்துகிறது, ஆய்விதழ் நடத்துகிறது, மேரி கியூரியின் ஆய்வகத்தில் வேலை செய்துவிட்டு வந்த ராமையா நாயுடு பெயரில் நினைவுச் சொற்பொழிவு வைக்கிறது. அதன் கூட்டங்களில்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம், கல்லூரியில் படித்தது பாதிதான். அங்கே மருத்துவமனைக்காரர்களும் வருவார்கள், பேராசிரியர்களும் வருவார்கள், மெஷின் கம்பெனியில் சேர்ந்துவிட்ட பழைய தோழர்களும் மாணவர்களும் வருவார்கள். தேநீர் இடைவேளையில் நீங்கள் யார், என்ன தகுதி என்று யாரும் கேட்பதில்லை. அறிவியல் சங்கம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான். எங்கள் வட்டாரத்தில் சில பேர் சேர்ந்து ஒருமுறை ஒரு அதிகாரியைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர், மனுவை முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, உங்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லாத ஒருவர் இந்த வேலை செய்தால் உங்களால் தடுக்க முடியுமா, உறுப்பினர் ஒருவர் தவறு செய்தால் இதுவரை யார் மேலாவது நடவடிக்கை எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பதிவு செய்த சங்கம் என்றால் எங்கள் ஊர் கிரிக்கெட் கிளப்பும் பதிவு செய்த சங்கம்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். வெளியே வந்ததும் எல்லோரும் அவரைத் திட்டினோம். ஆனால் கேள்வி நியாயமானது, எனக்கு அப்போதே உறைத்தது.

அப்புறம் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தோம் பாருங்கள், அங்கே ஆரம்பித்தது சண்டை. யார் உள்ளே? எம்.எஸ்ஸி. மருத்துவ இயற்பியல் படித்தவர் உள்ளே, சந்தேகமில்லை. எம்.எஸ்ஸி. இயற்பியலுக்கு மேல் டிப்ளமோ முடித்தவரும் உள்ளே. இந்த விதியெல்லாம் வருவதற்கு முன்பே பழைய கோபால்ட் சிகிச்சை மெஷினோடு வாழ்ந்து, எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்து, ஆனால் காகிதத்தில் இன்றைய தகுதி இல்லாத மூத்தவரை என்ன செய்வது? ஆராய்ச்சியில் பெரிய பெயர், ஆனால் ஒரு நோயாளிக்குக்கூடத் திட்டம் போடாத பேராசிரியர்? நியூக்ளியர் மெடிசினில் இருப்பவர், எக்ஸ்ரே பக்கம் மட்டும் பார்ப்பவர்? இதுவரை எல்லோரையும் 'வாங்க சார்' என்று கூப்பிட்ட சங்கம், நாளைக்கு வாசலில் நின்று சான்றிதழ் கேட்க வேண்டும். கல்யாண வீட்டுக்காரர் பந்தியில் உட்கார்ந்த பிறகு பத்திரிகை இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி. யாருக்கும் மனசு வரவில்லை. 'எல்லாரையும் சேர்த்துக்கொண்டு அங்கீகாரம் வாங்கலாம்' என்று ஒரு தீர்மானம் வந்தது. எல்லாரையும் சேர்த்துக்கொள்வதுதான் அங்கீகாரத்துக்கே தடை என்பதை அந்தக் கூட்டத்தில் உரக்கச் சொன்னவர்கள் குறைவு.

இதைவிடக் கசப்பான விஷயம் கையெழுத்து. சில சின்ன சென்டர்களில் பிஸிஸிஸ்ட் பெயருக்கு இருப்பார், வாரத்தில் ஒரு நாள் வந்து எல்லாத் தாள்களிலும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். சங்கம் என்ன செய்ய முடியும்? அதிகபட்சம் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம். அவருக்கு அதனால் ஒரு ரூபாய் நட்டமில்லை, மாநாட்டு அழைப்பு வராது, அவ்வளவுதான். தண்டிக்கும் பல் வேண்டும் என்றால் சட்டம் வேண்டும். சட்டம் வந்தால் அந்தப் பல் நம்மையும் கடிக்கும். அங்கீகாரம் கேட்கும் மனுக்களில் உரிமையைப் பற்றி நான்கு பக்கம் இருக்கும், இதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும்.

பிரான்சில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். எபினால் என்ற ஊரின் மருத்துவமனையில் 2004, 2005-இல் புராஸ்டேட் புற்றுநோய்க்கு வந்த நோயாளிகள் 20-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கதிர்வீச்சு அளவு கூடிப்போய்க் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள், சிலர் இறந்தார்கள். கதிரின் அளவை ஒரு பக்கம் குறைக்க வைக்கும் ஆப்பு வடிவ உலோக வெட்ஜ் கதிரைக் கொஞ்சம் விழுங்கிவிடும், அதனால் மெஷினை அதிக நேரம் ஓட்டுவோம். மெஷினின் தடுப்பை நகர்த்தியே அதே வேலையைச் செய்யும் டைனமிக் வெட்ஜில் அந்த உலோக ஆப்பு கிடையாது, அந்த இழப்பும் கிடையாது. டைனமிக் வெட்ஜுக்கு உலோக வெட்ஜின் கணக்கைப் போட்டுவிட்டார்கள். மென்பொருள் ஆங்கிலத்தில் இருந்தது, பிரெஞ்சில் கையேடு இல்லை, பயிற்சி போதவில்லை. 2013-இல் இரண்டு மருத்துவர்களோடு அந்த இயற்பியலாளருக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்த நாட்டில் மருத்துவ இயற்பியலாளரைச் சுகாதாரத் தொழிலாக அங்கீகரித்த அவசரச் சட்டம் வந்தது 2017 ஜனவரியில். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். பொறுப்பு முதலில் வந்துவிட்டது, அந்தஸ்து நாலு வருடம் கழித்து வந்தது. எங்களுக்கும் அப்படித்தான் ஆகும் என்று நான் பயந்ததுண்டு.

மற்ற நாடுகளில் ஒரே பாதை என்று இல்லை. வேறு துறைதான் என்றாலும், இலங்கையில் 1941-இல் தொடங்கிய இரசாயனச் சங்கம் 1971-இல் இரசாயன நிறுவனமாக மாறி, அடுத்த ஆண்டே நாடாளுமன்றச் சட்டத்தால் சட்ட அந்தஸ்து பெற்றது, சங்கமே தொழில் அமைப்பாக வளர்ந்த கதை அது. பிரிட்டனில் எங்கள் துறைக்காரர்களின் சங்கம் ஒன்று, பதிவேட்டை வைத்திருக்கும் சட்டபூர்வக் கவுன்சில் வேறொன்று. அமெரிக்காவில் எங்கள் துறைக்காரர்களின் சங்கம் பிறந்தது 1958-இல், அதற்கு முன்பே 1947 முதல் கதிரியக்க மருத்துவர்களின் போர்டு இயற்பியலாளர்களுக்குத் தேர்வு வைத்துக்கொண்டிருந்தது. உரிமம் கேட்கிற மாநிலங்கள் அங்கே இன்னமும் டெக்சாஸ், நியூயார்க், ஃபுளோரிடா, ஹவாய் என்று விரல் விட்டு எண்ணக்கூடியவைதான்.

இந்தியா பிரிட்டன் வழியைத்தான் எடுத்தது. 2021-இல் துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. 10 பிரிவுகள், 50-க்கும் மேற்பட்ட தொழில்கள். அதன் அட்டவணையில் கதிரியக்கப் பிரிவின் கீழ் மருத்துவ இயற்பியலாளர் என்ற பெயரைப் பார்த்த அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே இனிப்புப் படங்கள். யாரும் முதலில் கவனிக்காதது, முத்திரை தொழிலுக்கு வந்தது, சங்கத்துக்கு வரவில்லை. பதிவேடும் ஒழுங்கு நடவடிக்கையும் ஆணையத்துக்கும் மாநிலக் கவுன்சில்களுக்கும் உரியவை. சுகாதாரத் தொழில் வல்லுநர் என்றால் 3 முதல் 6 ஆண்டுகளில் குறைந்தது 3600 மணி நேரப் படிப்பு என்று சட்டம் சொல்கிறது. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு எம்.எஸ்ஸி.க்கு வருகிற எங்களுக்கு எந்த மணி நேரத்தை எண்ணுவது என்று அடுத்த விவாதம் ஓடியது. சில மூத்தவர்களுக்கு வருத்தம். இத்தனை வருடம் அலைந்தது நாங்கள், அதிகாரம் போனது வேறு இடத்துக்கா என்று.

எனக்கு அதில் வருத்தமில்லை, உண்மையில் நிம்மதி. வாசலில் நிற்கும் வேலை கவுன்சிலுக்குப் போகட்டும், சங்கம் தேநீர் மேசையை வைத்துக்கொள்ளட்டும். காலையில் நான் பார்க்கும் அந்த 3 விழுக்காடு எங்கிருந்து வந்தது? அமெரிக்கச் சங்கத்தின் பணிக்குழு 2009-இல் வெளியிட்ட ஒரு அறிக்கையிலிருந்து. அதைப் பின்பற்று என்று இங்கே எந்தச் சட்டமும் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் எங்கள் டிபார்ட்மென்ட் சுவரில் ஒட்டியிருப்பது அந்த அட்டவணைதான். அப்படி ஒரு அறிக்கையை, நம் மருத்துவமனைகளின் கூட்டத்தையும் மின்வெட்டையும் பழைய மெஷின்களையும் மனதில் வைத்து நாமே எழுதினால் யார் தடுக்கப்போகிறார்கள்?

கவுன்சிலில் பெயர் பதிந்தால் போதாதா, சங்கச் சந்தா எதற்கு அண்ணா என்று போன மாதம் ஒரு ஜூனியர் கேட்டான். ஒரு பிஸிஸிஸ்ட் எத்தனை நோயாளிகளுக்குத் திட்டம் போடலாம், நேரில் இல்லாமல் எதில் கையெழுத்துப் போடக்கூடாது என்று ஒரு வரைவு எழுதி எங்கள் வட்டாரக் கூட்டத்தில் வைக்கப்போகிறேன், அதில் உன் பெயரும் இருக்கட்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். மூத்தவர்களில் இரண்டு பேர் இப்போதே எதிர்ப்பு சொல்லிவிட்டார்கள், கையெழுத்து விஷயத்தைத் தொட்டால் பாதி உறுப்பினர் போய்விடுவார்கள் என்று. போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் கூட்டத்தில் அதை எப்படிச் சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.